ஆகாயக் கப்பலில் பாதிப் பங்கு

டாக்டர் ஆரோக்கியநாதன் ஆகாயக் கப்பல் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிற செய்தியை அவருடைய மனைவி ஆலிஸுக்கு முதலில் சொன்னவர் தையற்காரர் சீனி முகம்மது. பினாங்கில் சூலியா தெருவில் கடை வைத்திருந்த அவர், ஒரு சனிக்கிழமை காலை வெள்ளைத் துணிப் பொட்டலம் ஒன்றோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். பிரித்துப் பார்த்தால் கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துணியாய்த் தைத்த ஓர் அங்கி.

"டாக்டர் ஐயா ஒரு தடவ போட்டுப் பாக்கணும்மா. இடுப்புல பிடிக்கும். சொன்னேன், கேக்கல."

"இது என்ன பாய், ஆஸ்பத்திரி உடுப்பா?"

"உங்களுக்குத் தெரியாதாம்மா? பாயான் லெப்பாஸ்ல புதுசா கிளப் வச்சிருக்காங்கல்ல, கப்பல் தெர்பாங், அதான் ஆகாயக் கப்பல்? ஐயா ஓட்டப் போறாரு. பத்துப் பேரு இருந்த கடையில சத்தமாச் சொன்னாரே."

ஆலிஸ் துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். மனைவியிடம் சொல்வதற்கு முன் தையற்கடையில் சொல்லியிருக்கிறார். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டாக்டர் எதைச் செய்தாலும் அதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பார்.

கல்யாணமான புதிதில் அவளுக்கு அவர்மேல் இப்படி ஓர் இளக்காரம் இருந்ததில்லை. சிங்கப்பூரில் படித்துப் பட்டம் வாங்கிய தமிழ் டாக்டர்; பினாங்கு ரோட்டில் சொந்தமாக டிஸ்பென்சரி. கன்னியர் மடத்துப் பள்ளியில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த அவளுக்கு ஊரே நல்ல சம்பந்தம் என்றது. பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. பட்டர்வொர்த்திலிருந்து வரும் படகில் வெள்ளைக்காரர்கள் நிற்கிற பக்கமாகப் போய் நிற்பார். அவர்கள் பேசுவதற்கெல்லாம் தலையாட்டுவார். அவர்களோ இவரிடம் பேசியதே இல்லை. ரப்பர்த் தோட்டத்திலிருந்து வரும் நோயாளிகளுக்கு உள்ளே பெஞ்சு கிடையாது, வெளியே வராந்தாதான். "ஆரோக்கியநாதன்" என்று முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முகம் சுளிப்பார். "நேதன்" என்று சொன்னால்தான் திரும்புவார். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில், பள்ளி விட்டு வந்த பிறகு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க ஆலிஸுக்கு நேரம் நிறைய இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது அவளே கேட்டாள். "ஆகாயக் கப்பல் ஓட்டப் போறீங்களாமே?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அரசாங்கம் பாதி ஃபீஸ் குடுக்குது. எல்லா இனத்தையும் சேத்துக்கிறாங்க. ஆனா யாரு சேருவா? தகுதி உள்ளவன்தான் சேருவான். மாஜிஸ்ட்ரேட் சேந்திருக்காரு, பேங்க் மேனேஜர் சேந்திருக்காரு."

"பறக்கணும்னு ஆசையா?"

அவர் அவளை வேடிக்கையாகப் பார்த்தார். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவே இல்லை என்று தெரிந்தது. "பறக்கிறது இருக்கட்டும். அங்க யாரெல்லாம் வர்றாங்கன்னு நினைச்சுப் பாரு."

பயிற்சி தொடங்கியது. ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலிருந்தே அந்த வெள்ளை அங்கியோடு காரில் ஏறிப் போவார். அங்கியை மைதானத்திலேயே போட்டுக்கொள்ளலாம். பூசைக்கு வந்தவர்கள் பார்க்க வேண்டுமே. கற்றுக்கொடுத்தவர் ஹக்கின்ஸ் என்ற இங்கிலீஷ்காரர். சண்டைக்காலத்தில் பறந்தவர், பேச்சு குறைவு, பொறுமை அதைவிடக் குறைவு. இரண்டு இருக்கைகள் முன்னும் பின்னுமாய் இருக்கும் அந்தச் சின்ன விமானத்தில், முன்னால் உட்கார்ந்தபடி ஒரு ரப்பர்க் குழாய் வழியாகப் பின்னால் இருக்கிறவர் காதில் பேசுவார். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்கிற குழாயைப் போலவே இருக்குமாம் அது. இத்தனை வருஷம் குழாய் வழியாக மற்றவர்கள் இருமலைக் கேட்டவர் இப்போது வசவு கேட்டார்.

ஏறுவதில் அவருக்குக் கஷ்டம் இல்லை. இறங்குவதுதான் வரவில்லை. தரையை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, மூக்கை மெல்லத் தூக்கி, முன்சக்கரங்களும் வால் கட்டையும் ஒன்றாகப் புல்லைத் தொடும்படி வைக்க வேண்டும். டாக்டர் தரை வருவதற்கு ஓர் ஆள் உயரம் முன்பே தூக்கிவிடுவார். விமானம் தொப்பென்று விழுந்து, எம்பி, மறுபடி விழும். மைதானத்தில் புல் வெட்டுகிற மலாய்க்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு, இன்றைக்கு எத்தனை தடவை குதிக்கும் என்று பந்தயம் கட்டுவார்கள் என்று கார் டிரைவர் வீட்டுச் சமையல்காரியிடம் சொல்ல, அவள் சிரிப்பை அடக்க முடியாமல் ஆலிஸிடம் வந்து சொன்னாள்.

வீட்டில் டாக்டர் சொன்ன கதை வேறு. காற்று சரியில்லை. மெஷின் பழசு. ஹக்கின்ஸுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரோடு கற்றுக்கொண்டிருந்த பேங்க் மேனேஜர் தனியாகப் பறந்துவிட்டார். ஒரு சீன முதலாளியின் மகளும் பறந்துவிட்டாள். அதை மட்டும் அவர் சொல்லவில்லை. பேப்பரில் படித்துத்தான் ஆலிஸுக்குத் தெரிந்தது.

எப்படியோ ஒரு நாள் அவருக்கும் லைசென்ஸ் கிடைத்தது. "பாஸ்னா பாஸ்தான், எப்படி இறங்கினா என்ன?" என்று அவரே சொன்னார். சட்டம் போட்டு டிஸ்பென்சரியில் மாட்டினார், டாக்டர் பட்டத்துக்கு மேலே.

அதோடு நின்றிருந்தால் போகட்டும் என்று ஆலிஸ் விட்டிருப்பாள். கிரீவ்ஸ் துரை வந்து சேர்ந்ததுதான் வினை. நிபோங் தெபால் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மேனேஜர். சிவந்த முகம், உரத்த சிரிப்பு, யார் தோளிலும் கையைப் போடுகிற பழக்கம். அந்தக் கை ஒரு நாள் டாக்டரின் தோளிலும் விழுந்தது.

"ஒரு ஆளு ஊருக்குத் திரும்பிப் போறான். அவன் மெஷினை விக்கிறான். கிரீவ்ஸும் நானும் ஆளுக்குப் பாதியா வாங்குறோம்" என்றார் டாக்டர். "என்ன விலைன்னு நினைக்கிற? ஒரு நல்ல கார் விலைதான்! கார் விலைக்கு ஆகாயக் கப்பல்!"

விலை உண்மைதான். ஆனால் காரை வீட்டு வாசலில் நிறுத்தலாம். இதை நிறுத்தக் கொட்டகை வாடகை. கடல் காற்றில் உப்பு ஏறி இறக்கைத் துணி தொய்ந்தது; பிரித்துப் புதுத் துணி போர்த்தி, அது முரசுத் தோல் மாதிரி விறைக்கிறவரை வார்னிஷ் பூச வேண்டியிருந்தது. குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் எஞ்சினை மொத்தமாகக் கழற்றிப் பார்க்க வேண்டுமென்று சட்டம். பார்த்தால் ஏதாவது ஒன்று தேய்ந்திருக்கும். அது இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும். வருகிறவரை பறக்க முடியாது, கொட்டகை வாடகை மட்டும் நிற்காது. வருஷத்துக்கு ஒரு தடவை பறக்கத் தகுதி உண்டென்று சர்டிபிகேட், அதைப் பார்க்க வருகிறவருக்குக் கட்டணம், இன்ஷூரன்ஸ் தனி. ஓடினால் செலவு, நின்றால் அதைவிடச் செலவு.

அதிலும் ஓட்டியவர் கிரீவ்ஸ் துரை. டாக்டர் மாதத்துக்கு ஒரு முறை மைதானத்தைச் சுற்றிவிட்டு, குதித்துக் குதித்து இறங்குவார். துரையோ ஈப்போவுக்கு, தைப்பிங்குக்கு, கிரிக்கெட் பார்க்க, விருந்துக்கு என்று பறந்தபடி இருந்தார். செலவு மட்டும் சரிபாதி.

"அவரு பறக்கிறதுக்கு நாம ஏங்க கட்டணும்?" என்று ஆலிஸ் கேட்டாள்.

"பார்ட்னர்ஷிப்னா அப்படித்தான். ஜென்டில்மேன் இதுல எல்லாம் கணக்குப் பாக்க மாட்டாங்க."

டிஸ்பென்சரியில் அவர் கணக்குப் பார்த்தார். பஞ்சு, பேண்டேஜ் வாங்குவதைக் குறைத்தார். வராந்தாவில் உட்காருகிறவர்கள் முன்பணம் கட்டினால்தான் உள்ளே வரலாம் என்றார். பல வருஷமாகக் கூட இருந்து புண் கழுவிக் கட்டுப் போட்டு வந்த டிரெசர் சூசையின் சம்பளத்தில் கை வைத்தார். அடுத்த வாரமே சூசை வீட்டுக்கு வந்து சாவியை ஆலிஸிடம் நீட்டினான்.

"நான் போறேன் டீச்சரம்மா. அக்கரையில, பிறையில ஒரு ஆஸ்பத்திரில கூப்பிடுறாங்க."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'போறதுன்னா போ'ன்னாரு. நேத்து ஒரு பொம்பள கால் அழுகி வந்துச்சு, தோட்டத்துலேர்ந்து. கட்டுறதுக்குத் துணி இல்ல டீச்சரம்மா. அந்தக் கப்பலுக்குப் போத்துறதுக்கு மட்டும் துணி இருக்குலா!"

சொல்லிவிட்டு அழுதுவிட்டான். ஆலிஸ் சாவியை வாங்கிக்கொண்டாள். அதுவரை டாக்டரை நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அலமாரியிலிருந்த பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்துச் சுருட்டி, மறுநாள் தானே டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய் வைத்தாள். துணி எங்கிருந்து வந்தது என்றுகூட டாக்டர் கேட்கவில்லை.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் பாயான் லெப்பாஸுக்குப் போனாள். தன் வீட்டுச் சோற்றைத் தின்கிற அந்தச் சாமான் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க நினைத்தாள். போனபோது விமானம் கொட்டகைக்கு வெளியே நின்றது. மஞ்சள் நிறம், அழகாகத்தான் இருந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே வெள்ளை அங்கியில் ஒருவர் குனிந்து, வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூலியாள் என்று நினைத்தாள். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, டாக்டர்.

"நேதன், வாலைப் பிடி!" என்று கிரீவ்ஸ் துரை குரல் கொடுத்தார். முன்னிருக்கையில் பூப்போட்ட ஸ்கார்ஃப் கட்டிய ஒரு துரைசாணி. டாக்டர் ஓடிப்போய் வாலைப் பிடித்துத் திருப்பிவிட்டார். எஞ்சின் உறுமியது, எண்ணெயும் புழுதியும் அவர் முகத்தில் அடித்தன. விமானம் ஓடி ஏறிப் போய்விட்டது. டாக்டர் கையை ஆட்டினார். மேலேயிருந்து யாரும் திருப்பி ஆட்டவில்லை. ஆலிஸைப் பார்த்ததும், "என் மெஷின்தான்" என்றார் பெருமையாக, முகத்து எண்ணெயைத் துடைத்தபடி.

காலழுகி வந்தவளைத் தொடக் கூசுகிற மனுஷன் இவர். ஆலிஸ் கொட்டகையின் மறுபக்கம் போய் நின்றாள்.

அங்கே ஹக்கின்ஸ் ஓய்வாகச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். வர வேண்டிய மாணவன் வரவில்லை, கிளப் விமானம் தயாராய் நிற்கிறது, மேலே போய்ப் பார்க்க விருப்பமா என்று மரியாதைக்குக் கேட்டார். மாட்டேன் என்பாள் என்றுதான் நினைத்திருப்பார். ஆலிஸ் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, "எங்கே ஏற வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

சேலை முந்தானையை இறுக்கிச் செருகி, தலையில் தோல் தொப்பியைக் கட்டி, முன்னிருக்கையில் உட்கார வைத்தார்கள். தரை தடதடவென்று ஓடியது. பிறகு அந்தத் தடதடப்பு சட்டென்று நின்றது. அவ்வளவுதான், ஏறியாகிவிட்டது.

கீழே வயல்கள் பச்சைக் கட்டங்களாகச் சரிந்தன. ஆயர் ஈத்தாம் மலை பக்கவாட்டில் வந்து நின்றது. கடலில் மீன்பிடிக்க நட்டிருந்த கழிகள் அம்புக்குறிகளைப் போலக் கரையை நோக்கின. எதிர்க்கரையில் பிறை ஆறு தன் காவி நிறத்தைக் கடலுக்குள் நீளமாக விட்டிருந்தது. கெடா பக்கமிருந்து மழை வந்துகொண்டிருந்தது. மழைக்கு ஓர் ஓரம் உண்டு, இந்தப் பக்கம் வெயிலும் அந்தப் பக்கம் மழையுமாய் அது நடந்து வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஹக்கின்ஸ் திருப்பினார். ஒரு சின்னத் தீவு கீழே வந்தது. ஜெரஜா. தொழுநோயாளிகளை வைத்திருக்கிற தீவு. வரிசையாகக் கூரைகள், நடுவில் மணல் முற்றம், அதில் மனிதர்கள். ஒருவர் கையைத் தூக்கினார். ஆலிஸும் தூக்கினாள்.

"கம்பைப் பிடித்துப் பாருங்கள். மெதுவாக" என்றது குழாய்க் குரல். முழங்கால்களுக்கு நடுவே இருந்த கம்பைத் தொட்டாள். உயிருள்ளதைப் போல அது கையில் துடித்தது. கொஞ்சம் இடதுபக்கம் சாய்த்தாள். வானமும் கடலும் சேர்ந்து சாய்ந்தன. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். காற்றில் அது அவளுக்கே கேட்கவில்லை.

கீழே இறங்கி நடந்து வரும்போதுதான் அந்த நினைப்பு வந்து அவளை நிறுத்தியது. இவ்வளவையும் இந்த ஆள் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்தத் தீவின்மேல்தான் பறந்திருக்கிறார், டாக்டராக இருந்துகொண்டு. வீட்டுக்கு வந்து ஒரு நாளாவது மழையைப் பற்றி, அந்த முற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை? யார் கைகொடுத்தார், யார் சிகரெட் நீட்டினார், அதுதானே பேச்சு!

டாக்டர் வேகமாக எதிரே வந்தார். "மேல போனியா? ஹக்கின்ஸ் என்னைப் பத்தி என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா?" முகம் வாடிப்போயிற்று.

சில வாரங்களில் விமானத்தின் கதை முடிந்தது. நண்பர்களோடு பந்தயம் கட்டி, கிரீவ்ஸ் துரை எதிர்க்கரையில் நீர் வடிந்திருந்த கடற்கரையில் இறங்கப் பார்த்தார். சக்கரம் சேற்றில் புதைந்து, விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்தது. அவருக்குக் காயமில்லை, இடுப்பளவு சேற்றில் திட்டிக்கொண்டே நடந்து வந்தார். இழுத்து வர ஆள் போவதற்குள் கடல் ஏறிவிட்டது. மைதானமல்லாத இடத்தில் இறங்கியதற்கு இன்ஷூரன்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். துரைக்கு விடுமுறை, அடுத்த கப்பலில் சீமைக்குப் போய்விட்டார். டாக்டர் துறைமுகம்வரை போய் வழியனுப்பினார்.

"அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் ஆலிஸ்.

"வருத்தமா இருந்தான், பாவம். அந்த நேரத்துல போய்க் கேக்க முடியுமா?"

மிஞ்சியது விமானத்தின் மூக்கில் சுழன்ற விசிறிக் கட்டையில் பாதி. முறிந்த அதற்கு வார்னிஷ் போட்டு டிஸ்பென்சரியில் லைசென்ஸுக்குப் பக்கத்தில் மாட்டினார். சூசைக்குப் பதில் ஆள் வைக்காததால் சில சாயங்காலங்களில் ஆலிஸ் போய் மருந்துப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவாள். அப்படி ஒரு நாள் திரைக்குப் பின்னால் இருந்தபோது, சின்னையா என்ற தபால் ஆபீஸ் கிளார்க்கு இருமிக்கொண்டே அந்தக் கட்டையைப் பற்றிக் கேட்பது காதில் விழுந்தது.

"அதா?" என்றார் டாக்டர். "எஞ்சின் நின்னு போச்சு. கீழ கடல். வேற ஆளா இருந்தா அவ்வளவுதான். நான் பதட்டப்படல. அப்படியே மணல்ல கொண்டுவந்து வச்சேன்."

"அடியாத்தே! அடி படலியா டாக்டர்?"

"தோள்ல கொஞ்சம். மழைக்காலத்துல வலிக்கும்."

ஆலிஸின் கையிலிருந்த சீட்டு பசையோடு விரலில் ஒட்டிக்கொண்டது. பொய் சொன்னதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பறந்ததாகக்கூட இல்லை, விழுந்ததாகத்தான் அவருக்குப் பொய் சொல்லத் தோன்றியிருக்கிறது. அதுவும் இன்னொருவன் விழுந்ததை. நோயாளி போன பிறகு திரையை விலக்கி வந்தாள்.

"அடுத்த வாரத்துலேர்ந்து நான் பாயான் லெப்பாஸ் போறேன். கத்துக்க. என் சம்பளத்துல."

"நீயா? சேலையோடயா? ஊரு என்ன சொல்லும்?"

"விழுந்த கதைய நீங்க சொல்லிக்கிட்டு இருங்க. ஊரு அதக் கேக்கட்டும்."

அவர் சுவரிலிருந்த கட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாதத்துக்கு ஒன்றிரண்டு பாடத்துக்குத்தான் ஆசிரியைச் சம்பளம் தாங்கியது. சீனி முகம்மது அவளுக்குத் தைத்த காற்சட்டையைப் பார்த்து, பள்ளியை நடத்துகிற மடத்துத் தாயார் முணுமுணுத்தார். ஞாயிற்றுக்கிழமைதானே, பள்ளிக்கு அதைப் போட்டுவர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளும் குதித்து இறங்கினாள். வசவு கேட்டாள். ஒரு முறை வேலியை உரசிவிட்டு வந்து, கொட்டகைக்குப் பின்னால் நின்று வாந்தி எடுத்தாள். ஆனாலும் போய்க்கொண்டே இருந்தாள்.

ஒரு காலை, ஹக்கின்ஸ் முன்னிருக்கையிலிருந்து இறங்கி, தன் வார்ப்பட்டையைக் கட்டிவைத்துவிட்டு, "ஒரு சுற்று. தனியாக" என்றார். அவர் கனம் இல்லாததால் விமானம் சீக்கிரமே புல்லை விட்டுக் கிளம்பியது. முன்னால் இருக்கிற தலை இல்லை, வெறும் ஆகாயம். பயமாகத்தான் இருந்தது. பயத்துக்கு நடுவில் ஒன்றைக் கவனித்தாள்: அந்தச் சில நிமிஷம் அவள் யாரையும் இளக்காரமாக நினைக்கவில்லை. நினைக்க அங்கே ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஒரே ஒரு குதிப்போடு இறங்கினாள்.

லைசென்ஸ் வந்தது. அதை யாரிடமும் காட்டவில்லை. ஒரு மலாய் வக்கீலும் பேங்க் மேனேஜரும் சேர்ந்து வாங்கவிருந்த விமானத்தில் மூன்றிலொரு பங்கு தருவதாகச் சொன்னார்கள். "வேண்டாம். கிளப் மெஷினை மணிக்கு வாடகைக்கு எடுப்பேன். இறங்கினதும் அது கிளப்போட தலைவலி" என்றாள்.

இதிலும் தனக்குப் பெருமை தேடிக்கொள்ள டாக்டருக்கு வழி தெரிந்திருந்தது. "நான்தான் அவளுக்குப் பழக்கினேன்" என்று நோயாளிகளிடம் சொல்லத் தொடங்கினார். கோயில் வாசலிலும் சொன்னார். ஆலிஸ் மறுக்கவில்லை, அந்த ஆளோடு பேசி ஜெயிப்பதிலும் ஓர் அசிங்கம் இருப்பதாகப் பட்டது.

கிளப் ஆண்டு விழாவன்று தன்னையும் விமானத்தில் ஏற்றிக் கூட்டிப் போகும்படி டாக்டர் கேட்டார். அன்று பார்வையாளர்கள் ஏராளம். மாஜிஸ்ட்ரேட் குடும்பத்தோடு வந்திருந்தார். கூட வருகிறவர் உட்காரும் இடம் முன்னிருக்கை, ஓட்டுகிறவர் பின்னால். இது தெரியாத கூட்டம் முன்னால் இருப்பவர்தான் ஓட்டுகிறார் என்று நினைக்கும். டாக்டருக்கு அது நன்றாகத் தெரியும். வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, தொப்பியைக் கட்டிக்கொண்டு, முன்னால் போய் உட்கார்ந்தார்.

ஆலிஸ் ஏற்றினாள், சுற்றினாள், திருப்பினாள். சுற்றி முடிக்கிறவரை அவள் பார்த்ததெல்லாம் அவருடைய பிடரி, அதற்குப் பக்கத்தில் கூட்டத்தை நோக்கி ஆடிக்கொண்டே இருந்த ஒரு கை. தரையிலிருந்து கைதட்டல் வந்திருக்கும். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. சக்கரங்களும் வால் கட்டையும் ஒன்றாய்ப் புல்லில் பதிய, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் இறங்கினாள். விசிறி நிற்பதற்குள் அவர் இறங்கிப் போய்விட்டார். நீட்டிய கைகளையெல்லாம் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

ஆலிஸ் எஞ்சினை அணைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு இறங்கி, கூட்டம் இல்லாத பக்கமாக நடந்து ஹக்கின்ஸிடம் போய், அடுத்த மாதத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொன்னாள். தனியாகத்தான் என்பதையும் சொல்லி வைத்தாள்.